கறுப்புத் துணிக்கு நாங்கள் கேட்ட மன்னிப்பு

“கடந்த இரு வாரங்களில் கரையில் ஒதுங்கிய கறுப்பு நிறத் துணித் துண்டுகள், சமயச் சடங்கின்போது கடலில் விடப்பட்டவை என்று கருதப்படுகிறது.”

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து வந்த மின்னஞ்சலின் இரண்டாம் பத்தி இப்படித் தொடங்குகிறது. தமிழாக்கம் என்னுடையது. யார் கருதினார்கள், எதை வைத்துக் கருதினார்கள் என்ற விவரம் மூலத்திலும் இல்லை. இனியும் இப்படி நடந்தால் அந்த இடத்தில் சடங்கு செய்யும் அனுமதி மறுபரிசீலனை செய்யப்படும் என்றது மூன்றாம் பத்தி. அதற்குக் கீழே ஒரு புகைப்படம்: ஈர மணலில் முழ நீளத்துக்கு ஒரு கறுப்புத் துணி, விளிம்பெல்லாம் இழை பிரிந்து.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு நிகழ்ச்சிக் குறிப்புகள் எழுதுவது என் பொறுப்பு. அதனால் இப்படி வரும் கடிதங்களின் நகல் எனக்கும் வரும். எதையும் தேதியோடு எடுத்து வைப்பது என் பழக்கம். வீட்டில் அதற்காகக் கேலி உண்டு. கேலி செய்பவர்களே பிறகு “அது எந்த வருஷம்?” என்று என்னிடம்தான் வருவார்கள்.

மெல்பர்னின் தென்கிழக்கில், விரிகுடாவை ஒட்டிய ஒரு சின்னக் கடற்கரை அது. பெயர் வேண்டாம். இதில் தவறு செய்தவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் நடக்கப் போகிறார்கள், நானும் போகிறேன். மணல் அரித்துக்கொண்டே போனதால் சில ஆண்டுகளுக்கு முன் கவுன்சில் அங்கே பெரிய பாறைகளை அடுக்கிச் சரிவாக ஒரு சுவர் கட்டியது. சுவரின் மேல் நடைபாதை. நடுவில் ஓரிடத்தில் கடலுக்கு இறங்கக் கான்கிரீட் படிகள், இரு பக்கமும் எஃகுக் கைப்பிடி. ஆடி அமாவாசைக்கு நாங்கள் கூடுவது அந்தப் படிகளில். இங்கே ஆடி குளிர்காலம். காற்று காதைத் திருகும். முறைப்படி அனுமதி வாங்கி, காலையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, கொண்டுவந்த வாழையிலையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவோம்.

அந்தப் படிகள் மற்றவர்களுக்கு வசதி. அன்ரிக்கு வேறு வழி இல்லை. யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர்; கிரான்பர்னில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அன்ரிதான், எங்கள் நாக்கில் ஆன்ட்டி. முழங்கால் இரண்டும் மாற்றியாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. கணவரின் அஸ்தியை அந்தக் கடைசிப் படியில் நின்றுதான் கரைத்தார். அதிலிருந்து ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அதே படியில், அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் கையாலேயே எள்ளுத் தண்ணீர் விடுவார். பெண்கள் விடலாமா என்று யாராவது கேட்டால், “அவர் என்ர கையால சாப்பிட்ட மனிசன். ஐயரின்ர கையால சாப்பிட்டவரோ?” என்பார். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

மின்னஞ்சலைப் படித்த உடனே எங்கள் செயலாளரை அழைத்தேன். தமிழ்நாட்டுக்காரர், கணினித் துறை, என்னைவிடப் பத்து வயது இளையவர், ஓடியாடி வேலை செய்பவர். நானும் தமிழ்நாடுதான்.

“மேடம், நான் பதில் போட்டுட்டேன்” என்றார்.

“என்னன்னு?”

“வருத்தம் தெரிவிச்சுத்தான். இனிமே நடக்காதுன்னு. கூடவே நம்ம செலவுல ஒரு பீச் கிளீனிங் டே பண்றோம்னு சொல்லியிருக்கேன். நல்லா எடுபடும்.”

“நாம விட்ட துணின்னு யார் பாத்தா?”

“நம்ம ஆளுங்க விடமாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா? எங்க ஊர் ஆத்துப் படித்துறைக்கு அமாவாசைக்கு மறுநாள் வந்து பாருங்க. காலை வைக்க முடியாது, அவ்வளவு துணி. நான் பாத்து வளர்ந்தவன் மேடம்.”

“அது அங்க. இங்க யாரு?”

“போட்டோ பாத்தீங்கல்ல? கறுப்பு. கறுப்புன்னா சனி பரிகாரம். யாரோ ஏழரைச் சனிக்காரர் சத்தமில்லாம விட்டுட்டுப் போயிருக்கார்.”

கவுன்சில் ஊகமாகச் சொன்னதை எங்கள் செயலாளர் ஜாதகம் பார்த்து உறுதி செய்துவிட்டார். அங்கே போய் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். மன்னிப்புக் கடிதம் எழுத அதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும் போல.

அன்ரியிடம் சொன்னபோது அவர் சமையலறையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது.

“ஆடி அமாவாசைக்குக் கறுப்புக் கட்டிக்கொண்டு ஆர் பிள்ளை வாறது? அதுகூடத் தெரியாதோ உந்தச் செயலாளருக்கு? நான் என்ன, என்ர சீலையை அவிட்டுக் கடலில விட்டுட்டு, இந்தக் குளிருக்க பாவாடையோட வீட்டை வந்தனானோ? கேட்டுச் சொல்லு.”

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கு வரவில்லை. “அந்தப் படியை மறிச்சாங்களெண்டால் நான் எங்க போறது?” என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் கேள்வி அது ஒன்றுதான்.

நேரில் போய்ப் பார்க்க நினைத்திருந்தேன். அந்த வாரமே சிட்னியில் அக்காவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிவானது. வென்ட்வொர்த்வில்லில் அவள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தேன். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பில் ரசம் இருக்கும்போது, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழத் தொடங்கின. ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, ரப்பர் கையுறை, சிரிப்பு. ‘நம் கடல், நம் கடமை’ என்று ஒரு பதாகை. கறுப்புத் துணி நிரம்பிய பைகள் வரிசையாக. ஒரு படத்தில் ஐந்தாறு ஆண்கள் தேர் வடம் பிடிப்பதுபோல் எதையோ பின்னுக்குச் சாய்ந்து இழுக்கிறார்கள். அடுத்ததில் ஒருவர் கறி வெட்டும் கத்தரிக்கோலோடு பாறை இடுக்கில் குந்தியிருக்கிறார். கீழே செயலாளர் எழுதியிருந்தார்: “பாறைக்கு அடியில் சிக்கியிருந்ததையும் விடவில்லை!”

அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். இழுபட்டு வந்துகொண்டிருந்தது சேலை அகலம் இல்லை, வேட்டி அகலமும் இல்லை. ஓர் அறையின் அகலம். அதன் மீது நேர்கோட்டில் இரட்டைத் தையல்.

“ரசம் பொங்குதுடி, போனைக் கீழ வை” என்று அக்கா கத்தினாள். ரசம் பொங்கிவிட்டது.

அந்தச் சுவர் கட்டப்பட்டபோது நான் பார்த்திருக்கிறேன். மாலை நடை அந்தப் பக்கம்தான். முதலில் மணல் கரையைச் சரிவாக வெட்டினார்கள். அதன் மேல் லாரியில் வந்த பெரிய சுருள்களிலிருந்து கறுப்புத் துணியை, கோவில் மண்டபத்தில் ஜமக்காளம் விரிப்பதுபோல், மேலிருந்து கீழாக உருட்டி விரித்தார்கள். இரண்டு அகலத் துணிகள் சேரும் இடத்தில் கையில் பிடிக்கும் தையல் இயந்திரத்தால் தைத்தார்கள். கீழ் விளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். துணியின் மேல் சிறு கற்கள், அதற்கு மேல் பாறைகள். கடலுக்கு ஏன் துணி என்று நின்று கேட்டேன். வேலியோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு நூலகத்திலிருந்தும் புத்தகம் எடுத்துப் படித்தேன்.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் எனக்கு அது புரியக் கஷ்டமாக இல்லை. எங்கள் வடிதாள் செய்வதைத்தான் அந்தத் துணி செய்கிறது. அலை ஏறும்போது பாறை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் கரைக்குள் போகும். இறங்கும்போது அதே வழியாகத் திரும்பும், மணலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு. துணி தண்ணீரை விடும், மணலை விடாது. நெசவின் கண்கள் அந்தக் கரையின் மணலுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். கண்கள் பெரிதானால் மணல் போய்விடும். மிகச் சிறிதானால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயிருந்து சுவரைத் தள்ளும். பாறைகள் அலையை மட்டும்தான் தடுக்கின்றன. கரையைப் பிடித்து வைத்திருப்பது அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத அந்தத் துணி.

அதைத்தான் எங்கள் ஆட்கள் கத்தரிக்கோலால் வெட்டிப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, அந்த மன்னிப்பை நிரூபிப்பதற்காகச் செய்த தவறு.

செயலாளரை அழைத்தேன். பின்னால் புளியோதரை பரிமாறும் சத்தம்.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“சூப்பரா முடிஞ்சுது மேடம். கவுன்சிலர் ஒருத்தர் வந்து கை குடுத்துட்டுப் போனார்.”

“நீங்க வெட்டினது கரைக்குள்ள போட்டிருக்கற துணி. சுவரோட துணி.”

“பாத்தா அழுக்குத் துணி மாதிரிதானே மேடம் இருந்துச்சு” என்றார்.

“கவுன்சில்காரங்க யாரும் கூட நிக்கலியா?”

“கையுறை குடுத்தாங்க. குப்பைப் பை குடுத்தாங்க. பாறைப்பக்கம் போக வேணாம்னு யாரும் சொல்லல.”

இதை நான் இன்றும் ஆறாத கோபத்தோடுதான் எழுதுகிறேன். தன் சுவரின் பாகம் எது, குப்பை எது என்று தெரியாத ஓர் அலுவலகம் அது. தன் சமூகத்தின் மீது யாராவது விரல் நீட்டினால் அந்த விரல் எங்கே நீள்கிறது என்றுகூடப் பார்க்காமல் தலையைக் குனிகிற ஒரு சங்கம் இது. நல்ல பெயர் வாங்குவதில் எங்களுக்கு இருக்கும் அவசரம் இருக்கிறதே, அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும். மருத்துவர்கள், பொறியாளர்கள், கணக்காளர்கள் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். அந்த மஞ்சள் சட்டைகளில் இரண்டு பேராவது கட்டடப் பொறியாளர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவருக்கும் துணியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தொட்டவர்களும் கையுறை வழியாகத் தொட்டார்கள்.

மாதக் கடைசியில் திரும்பி வந்தேன். அன்ரி வீட்டுக் கொல்லையில் அவருடைய கறிவேப்பிலைச் செடி கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. மெல்பர்ன் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது இங்குள்ள தமிழர்களுக்குப் பிள்ளை வளர்ப்பதுபோல. ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருப்பார்கள். ஆனால் இந்தப் போர்வையில் இரட்டைத் தையல் இருந்தது.

“அன்ரி, இது எங்கேருந்து?”

“அண்டைக்குக் கடற்கரையில எல்லாரும் குப்பையெண்டு கட்டினவை. எனக்குப் பாத்த உடன விளங்கிட்டுது. உரப்பை நெய்யிற சாமான். சண்டை நேரம் பங்கருக்கு மண் நிரப்பி அடுக்கேக்க எத்தனை பை பிடிச்சிருப்பம்! இது சீலையில்லை, பிளாஸ்ரிக் எண்டு உன்ர செயலாளருக்குச் சொன்னனான். ‘ஆன்ட்டி, நீங்க போய் டீ குடிங்க’ எண்டார். சரியெண்டு ஒரு துண்டைக் கொண்டு வந்திட்டன். என்ர செடிக்கெண்டாலும் உதவட்டும்.”

ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து அடுப்பில் காட்டினேன். சாம்பல் ஆகவில்லை, உருகி மணியாகச் சுருண்டது. செடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு கைக்குட்டை அளவு வெட்டி எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் மேற்குக் காற்றோடு கடல் ஏறியது. அடுத்த நாட்களில் படிக்கட்டுக்குப் பின்னால் நடைபாதையில் ஒரு குழி விழுந்தது. முதலில் ஒரு தட்டு அளவு, பிறகு ஒரு கட்டில் அளவு. மேற்பரப்பு அப்படியே இருந்து, அடியில் மணல் போய், ஒருநாள் உட்கார்ந்துவிட்டது. கம்பி வேலி போட்டுப் படிகளை மூடினார்கள். சங்கத்துக்கு இன்னொரு மின்னஞ்சலும் வந்தது: “துணிகள் விடப்பட்டதைச் சமூகமே ஏற்றுக்கொண்டிருப்பதாலும், கரையின் பாதுகாப்புக் கருதியும்” அந்த இடத்துக்கான சடங்கு அனுமதி நிறுத்தப்படுகிறது.

டிசம்பரில் கவுன்சிலில் சந்திப்புக்கு நேரம் கேட்டு வாங்கினேன். செயலாளரும் வந்தார்; வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன். எங்கள் எதிரே கடற்கரை அனுமதிகளைப் பார்க்கும் அதிகாரி, பக்கத்தில் அவர்களுடைய பொறியாளர். அதிகாரி மிகவும் மரியாதையானவர். பிஸ்கட் வைத்திருந்தார். பண்பாட்டு உணர்வுகளை மதிப்பதாகச் சொல்லித்தான் தொடங்கினார்.

நான் துணித் துண்டை மேசைமேல் வைத்தேன். சுவர் கட்டும்போது நான் எடுத்திருந்த படங்களை வைத்தேன். பொறியாளர் துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார், தையலைத் திருப்பினார்.

“இது எங்கள் வடிதுணி” என்றார்.

அப்படியானால் சமயத் துணி என்று எழுதியது யார் என்று கேட்டேன். கரையைச் சுத்தம் செய்பவர்கள் அனுப்பிய படம், தேதி ஆடி அமாவாசையை ஒட்டி இருந்தது, ஆகவே அப்படி எண்ணினோம் என்றார் அதிகாரி. கூடவே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உங்கள் சங்கமே ஒப்புக்கொண்டதே.” செயலாளரின் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பொறியாளர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தேர் வடம் பிடிக்கும் படம். எங்கள் குழுவிலிருந்து எடுத்து முகநூலில் நாங்களே பெருமையாகப் போட்டது.

“இதை இழுப்பது யார்?” என்று கேட்டார்.

இழுத்தது எங்கள் ஆட்கள்தான். செயலாளர் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கார் நிறுத்தத்தில் அவர் சொன்னார்: “நல்ல பேர் வரும்னுதான் மேடம் செஞ்சேன்.”

“வந்துச்சா?”

“திட்டுங்க. திட்டிட்டாவது போங்க.”

“திட்டி என்ன ஆகப் போகுது? நாம செய்யலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா அவங்கதான் வந்து பாத்திருக்கணும். நீங்க அவங்க வேலையை மிச்சப்படுத்திட்டீங்க.”

அவர் அன்றே தன் பெயரில், மன்னிப்புக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். இதை நான் பதிவு செய்ய வேண்டும். பிழையை எழுதுபவர் இதையும் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கவுன்சில் திருத்தம் அனுப்பியது. ‘சமயச் சடங்கின்போது விடப்பட்டவை’ என்பது இப்போது ‘மூலம் உறுதியாகாத துணி’ என்று இருக்கிறது. அவர்களுடைய பொறியாளரே என் கண்முன்னே தங்கள் துணி என்று சொன்ன துணி. எங்களுடையது என்று எழுத ஒரு புகைப்படம் போதுமாயிருந்தது. தங்களுடையது என்று எழுத, துணியே மேசையில் கிடந்தும் போதவில்லை. அனுமதி பற்றி: வேறு கடற்கரையில் சடங்கு செய்துகொள்ளலாம். படிகள் பற்றி: சுவர் பழுதுபார்க்கப்படும்வரை மூடியிருக்கும். எப்போது என்பதற்குத் தேதி தரவில்லை.

2025 ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை. மற்றவர்கள் அனுமதி கிடைத்த அடுத்த கடற்கரைக்குப் போனார்கள். அங்கே மணல் சரிவு மட்டும்தான். அன்ரி போகவில்லை.

“கைபிடி இல்லாத இடத்தில நான் இறங்கினனெண்டால், அடுத்த வருசம் ரெண்டு பேருக்குச் சேத்து எள்ளுத் தண்ணி விடவேண்டி வரும்” என்றார்.

அவரை மூடிய படிகளுக்கே அழைத்துப் போனேன். மடிக்கும் நாற்காலி ஒன்றை வேலியருகே விரித்து உட்காரவைத்தேன். காற்று பலமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் செயலாளரின் கார் வந்து நின்றது. வேலைக்கு விடுப்புப் போட்டிருக்கிறார். அடுத்த கடற்கரையிலிருந்து ஒரு வாளியில் கடல் தண்ணீர் எடுத்து, அது தளும்பாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

அன்ரி வாளியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “நான் கடலிட்டப் போக ஏலாதெண்டு கடலை என்னட்டக் கொண்டு வந்திட்டியள். பெரிய மரியாதைதான்.”

“மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி.”

“உமக்கு உந்தச் சொல்லு கெதியா, கேக்க முன்னமே வருது தம்பி. அதுதான் வினை. வாளியை இஞ்சால வையும்.”

வாளித் தண்ணீரில் கையை நனைத்து எள்ளை எடுத்தார். கணவரின் பெயரைச் சொன்னார். வேலிக்கு அடியில் இருந்த இடைவெளியில் கையை நீட்டி, இடிந்த நடைபாதையின் மணலில் விட்டார். மூன்று முறையும் தண்ணீர் தேங்கவில்லை. எள்ளோடு சேர்ந்து உடனே கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது முறை அந்த இடத்தில் மணல் சுழித்து ஒரு சின்னத் துளை விழுந்தது. கீழே எங்கோ அலை வந்து போகும் சத்தம் அதன் வழியாகக் கேட்டது. ஒன்பது மாதமாக வேலி மட்டும் நிற்கிறது; அடியில் கரை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

“கேக்குது பார் பிள்ளை,” என்றார் அன்ரி. “என்ன, அடுத்த முறையும் இந்த வாளிதானோ?”



ஒரு விஷயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. முதலில் கரையில் ஒதுங்கிய துண்டுகள், மின்னஞ்சல் படத்தில் இருந்தவை, எங்கிருந்து வந்தன? எங்கள் ஆட்கள் தொடுவதற்கு முன்பே அந்தச் சுவரின் துணி கிழிந்திருந்தால், ஏற்கெனவே தொடங்கிவிட்ட நாசத்தை அவர்கள் வேகப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அவை வேறெங்கோ கரை வேலையில் மிஞ்சி, கடலோடு வந்த வெட்டுத் துண்டுகளாக இருந்தால், நல்ல சுவரை முதலில் கிழித்தது நாங்கள்தான். அந்த முதல் துண்டுகளைக் கவுன்சில் பாதுகாத்து வைக்கவில்லை. மின்னஞ்சல் வந்ததற்கு முந்தின ஆண்டு நான் எடுத்த ஒரு படத்தில், கடைசிப் படிக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறது. அது துணியா, கடற்பாசியா என்று எவ்வளவு பெரிதாக்கியும் என்னால் சொல்ல முடியவில்லை. இதை எழுதும் இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை.